கையால் சொல்ல வேண்டியது

பிஷ்கேக்,
மே 3

அஸில்கான் எஜே,

இதை நரீனுக்கு வண்டி ஓட்டும் பாக்கித் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் எண்ணை மாற்றிவிட்டீர்கள். வாட்ஸப் குழுவிலிருந்தும் போய்விட்டீர்கள். மின்னஞ்சல் திறப்பதில்லை என்று நம் திட்டத்தை நடத்தும் ஜமீரா சொன்னார். எனவே காகிதம். கையால் எழுதி எத்தனையோ வருஷமாயிற்று. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நலம் விசாரித்து மூன்று பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன். நேராகச் சொல்கிறேன்.

ஜனவரி பதினான்காம் தேதி, சனிக்கிழமை மதியம், நம் சைகை அகராதியின் ஆயிரத்து நூற்று நாற்பது வீடியோக்களையும் அழித்தது உங்கள் மகள் குந்தூஸ் இல்லை. நான்தான்.

வேண்டுமென்று செய்யவில்லை. என் லேப்டாப் உங்களுக்குத் தெரியும், ஒரு கிலோகூட இல்லாதது. கைப்பையில் போட்டுக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து வேலை செய்வேன் என்று எல்லோரிடமும் பெருமையடித்ததும் அதை வைத்துத்தான். அதற்குள் இடம் கிடையாது. அன்றைக்கு நிரம்பிவிட்டது என்று திரும்பத் திரும்ப எச்சரித்தது. எல்லாம்தான் மேலே கிளவுடில் பத்திரமாக இருக்கிறதே, இங்கே இருப்பது வெறும் நகல்தானே என்று நினைத்து அந்தக் கோப்புறையை அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன், பழக்க தோஷம். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், உங்கள் கணினியிலும் அழியும் என்பது எனக்குத் தெரியாததா? நான்தானே உங்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுத்தேன்? ஆனாலும் அந்த நிமிஷம் தோன்றவில்லை.

ஆறு நாள் யாரும் கவனிக்கவில்லை. பிறகு ஜமீரா பதறினார். நாம் ஐந்து பேரும் ஒரே கணக்கில் நுழைந்ததால் யார் அழித்தது என்று தெரியவில்லை, நேரம் மட்டும் தெரிந்தது: மூன்று நாற்பது. உடனே நீங்கள் குழுவில் எழுதினீர்கள்: "அந்த நேரத்துல என் பொண்ணுதான் லேப்டாப்ப நோண்டிக்கிட்டு இருந்தா. எங்க வீட்டுலதான் நடந்திருக்கு. எல்லாரும் என்னை மன்னிச்சிடுங்க."

அதைப் படித்த அந்த நொடியில் எனக்கு எல்லாம் புரிந்தது. புரிந்தும் நான் எழுதினேன்: "பரவாயில்ல எஜே. ஆனா வேலைக் கணினியைக் குழந்தை கையில குடுத்திருக்கக் கூடாது."

அந்த வரியை நான் எழுதியிருக்கிறேன். நூறு நாளாக அது என் தொண்டையில் நிற்கிறது.

மீரிம்


நரீன்,
மே 9

மீரிம்,

உன் கடிதம் கிடைத்தது. பாக்கித் "மீரிம் ரொம்ப மெலிஞ்சிட்டா அக்கா" என்றான். அதற்கு என்னை என்ன செய்யச் சொல்கிறான்?

உனக்குத் தெரியாததை எழுதுகிறேன்.

அன்று நான் சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். குந்தூஸ் கூடத்தில் உட்கார்ந்து தன்னுடைய வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "குதிரைக்குட்டி" என்ற சைகைக்கு அவள்தானே நின்றாள்? எத்தனை தரம் பார்த்தாலும் அவளுக்குச் சலிக்காது. திடீரென்று ஓடி வந்து என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "போகுது! போகுது! எல்லாம் போகுது!" என்று கையாலேயே கத்தினாள். நான் மாவுக் கையோடு போய்ப் பார்த்தேன். திரையில் ஒன்றும் இல்லை. நெட் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். எங்களூரில் காற்று அடித்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் நெட் போகும், நெட் போனால் இந்தக் கணினி தேநீர்க் கோப்பை வைக்கும் தட்டு. மூடி வைத்துவிட்டேன்.

ஆறு நாள் கழித்து ஜமீராவின் செய்தி வந்தபோதுதான் எனக்கு அது நினைவு வந்தது. குந்தூஸைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நான் இல்ல" என்றாள். மறுபடி கேட்டேன். "நான் இல்ல. தானாப் போச்சு" என்றாள். தானாக எப்படிப் போகும்? நீதான் பத்துத் தரம் சொல்லியிருக்கிறாயே, யாராவது அழித்தால் ஒழிய அதில் எதுவும் அழியாது என்று. பொய் சொல்கிறாள் என்று எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

அவள் கையில் அடித்தேன், மீரிம். இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து, மரக்கரண்டியால், மூன்று அடி. பத்து வயசுப் பிள்ளை. காது கேட்காத பிள்ளை. அவளுக்கு வாய் இருக்கும் இடம் அதுதான் என்று எனக்குத் தெரியாதா? பன்னிரண்டு வருஷமாகக் காது கேளாத பிள்ளைகளின் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேனே.

அதற்குப் பிறகு அவள் ஸ்வெட்டர் கைக்குள் விரல்களை இழுத்து வைத்துக்கொள்கிறாள். பள்ளியில் கேள்வி கேட்டால் தலையை ஆட்டுகிறாள், அவ்வளவுதான். பசிக்கிறது என்றால் பாத்திரத்தைக் காட்டுகிறாள். நான்கு மாதமாகிறது.

நீ நூறு நாளாகத் தொண்டையில் நிற்கிறது என்று எழுதியிருக்கிறாய். எவ்வளவு சின்னத் தொண்டை உனக்கு.

ஒரே ஒரு கேள்வி. அந்தக் கிளவுட் கம்பெனிக்காரர்களோடு பேசும் பொறுப்பை நீதான் எடுத்துக்கொண்டாய், உனக்குத்தான் மொழி வரும் என்று. "கேட்டுப் பார்த்தேன், முடியாதுன்னு சொல்லிட்டாங்க" என்று குழுவில் எழுதினாய். அது உண்மையா?

அஸில்கான்


பிஷ்கேக்,
மே 14

எஜே,

(இனி அக்கா முறை வைத்துக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை.)

அந்தக் கேள்வியை நீங்கள் கேட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன். முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டேன்.

உண்மையில்லை. அவர்கள் முடியாது என்று சொல்லவில்லை. எந்தக் கணினியிலிருந்து அழித்தது, எத்தனை மணிக்கு, அதன் விவரத்தை அனுப்புங்கள், அழித்த நாளிலிருந்து இருபத்தைந்து நாளுக்குள் என்றால் மீட்டுப் பார்க்க வழியிருக்கிறது என்று பதில் எழுதினார்கள். ஜனவரி இருபத்திரண்டாம் தேதியே வந்துவிட்டது. கணினியின் விவரத்தை எழுதினால் மீட்ட பிறகு வரும் அறிக்கையில் அதுவும் இருக்கும், அது என்னுடையது என்று ஜமீராவுக்குத் தெரிந்துவிடும். நான் பதில் போடவில்லை. அவர்கள் மறுபடி ஒருமுறை நினைவூட்டி எழுதினார்கள். அதற்கும் போடவில்லை. பிப்ரவரி எட்டாம் தேதி முடிந்தது. அன்று நாள் முழுவதும் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அழுத்தவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பழக்க தோஷத்தில் குப்பைத் தொட்டியைக் காலி செய்தேன் என்று எழுதினேனே, அதுவும் பொய். ஒரு கல்யாண வீடியோவை வெட்டிக் கொடுக்கும் வேலையை வெளியே எடுத்திருந்தேன். நம் திட்டக் கணக்கிலேயே ஏற்றிப் பெண் வீட்டாருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். இடம் போதவில்லை. குப்பைத் தொட்டியில் இருப்பதும் இடத்தை அடைக்கிறது என்றது. காலி செய்தேன். யாரோ இரண்டு பேர் கேக் வெட்டுவதற்கு இடம் வேண்டுமென்று அகராதிக்குச் சைகை செய்து காட்டிய இருபத்துமூன்று பேரின் கைகளைத் துடைத்துப் போட்டிருக்கிறேன்.

குந்தூஸைப் பற்றி நீங்கள் எழுதியதை என்னால் இரண்டாம் முறை படிக்க முடியவில்லை. நினைவிருக்கிறதா, நீங்கள் நரீனிலும் நான் இங்கேயுமாக ஒரே பக்கத்தைத் திறந்து வைத்து வேலை செய்வோம். உங்கள் திரையில் என் அம்புக்குறி நகரும். குந்தூஸ் அதற்குக் கையசைப்பாள் என்று நீங்கள் சொன்ன பிறகு, நான் தினமும் அதை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டுவேன். முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கும் ஒரு பிள்ளையோடு பேச இதைவிட வேறு என்ன வேண்டும் என்று எனக்கு அப்போது தலைகால் புரியாத மகிழ்ச்சி. எந்த வழியாக அவளோடு விளையாடினேனோ, அதே வழியாகத்தான் அவள் கண்ணெதிரே எல்லாவற்றையும் உருவி எடுத்திருக்கிறேன். தானாகப் போச்சு என்று அவள் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை.

குழுவுக்கு இன்னும் சொல்லவில்லை. சொல்லட்டுமா? நீங்கள் சொல்லச் சொன்னால் அன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.

மீரிம்


நரீன்,
மே 27

மீரிம்,

பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பள்ளி முடிந்து கடைசி மணி அடித்தாயிற்று. வீட்டில் சும்மா இருக்கும்போது கோபம் இன்னும் கூடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

உன் இரண்டாவது கடிதம் வந்த மறுநாள் காலை குந்தூஸை எதிரே உட்கார வைத்துச் சொன்னேன்: "வீடியோவை அழிச்சது நீ இல்ல. மீரிம்."

அவள் என்னைப் பார்த்தாள். ஸ்வெட்டர் கைக்குள்ளிருந்து விரல்கள் மெதுவாக வெளியே வந்தன. "நான் அப்பவே சொன்னேன்" என்றாள். நான்கு மாதத்தில் அவள் பேசிய முதல் முழு வாக்கியம். பிறகு, "மீரிம்னா அந்த அம்புக்குறியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அது நல்லாத்தானே இருந்துச்சு" என்றாள்.

அவளுக்குப் பிடிக்குமென்று போர்சோக் பொரித்து, தேன் ஊற்றிக் கொடுத்தேன். நாலைந்து தின்றாள். விளையாடப் போய்விட்டாள். கைகள் வெளியே வந்துவிட்டன, வகுப்புப் பிள்ளைகளோடு பேசுகிறாள். என்னோடு மட்டும் அளந்து பேசுகிறாள். போகப் போகச் சரியாகிவிடும் என்று இருக்கிறேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். "நீங்கள் சொல்லச் சொன்னால் சொல்லிவிடுகிறேன்." நல்லாயிருக்கிறதே! அழிக்கும்போது என்னைக் கேட்டாயா? அந்தக் கம்பெனிக்காரன் கடிதத்தை மூடி வைக்கும்போது கேட்டாயா? சொல்லும்போது மட்டும் நான் கை பிடித்து அழைத்துப் போக வேண்டுமோ? நான் வேண்டாம் என்று சொன்னால், "எஜேதான் வேண்டாம்னாங்க" என்று இதையும் என் தலையில் போட்டுவிட்டுத் தூங்குவாய்.

அக்கா முறை வைத்து எஜே, எஜே என்று நாலு வருஷம் கூப்பிட்டிருக்கிறாய். அந்த உரிமையில் ஒன்று சொல்கிறேன். குழுவுக்குச் சொல்வது உன் பாடு. குந்தூஸுக்கு நீ நேரில் வந்து சொல்ல வேண்டும். கடிதம் எழுதாதே, என்னைச் சொல்லச் சொல்லாதே. அவளுக்குக் கையால் சொல். நாலு வருஷம் சைகை வீடியோ வெட்டினாயே, உனக்குப் பேச வருமா? வராது. எனக்குத் தெரியும். கற்றுக்கொண்டு வா.

அஸில்கான்

பி.கு. ஒன்றை மறைக்க விரும்பவில்லை. உன் முதல் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபமில்லை. அப்பாடா, என் வீட்டில் நடக்கவில்லை என்று ஒரு நிம்மதி வந்தது. பிள்ளையின் கை அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. இப்படிப்பட்ட ஒருத்திதான் உனக்குப் புத்தி சொல்கிறாள்.


பிஷ்கேக்,
ஜூன் 11

எஜே,

சொல்லிவிட்டேன். ஜமீராவின் வீட்டுக்குப் போய், மற்ற இருவரையும் அங்கேயே வரச்சொல்லி, நேரில் சொன்னேன். கல்யாண வீடியோவையும் சொன்னேன், பிப்ரவரி எட்டையும் சொன்னேன். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜமீரா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் என் கோப்பையை மட்டும் பாதியில் நிறுத்திவிட்டார். பிறகு, "லேப்டாப்ப மேசை மேல வச்சிட்டுப் போ" என்றார். அது திட்டத்தின் கணினிதானே. வைத்துவிட்டு வந்தேன். படியிறங்கும்போது பை காற்றாக இருந்தது. முன்பும் காற்றாகத்தான் இருந்தது, அதைத்தான் அத்தனை பேரிடம் சொல்லித் திரிந்தேன்.

ஷரபாத்துக்கும் எழுதினேன். முந்நூறு சொற்களுக்கு நின்றவர் அவர். இப்போது ரஷ்யாவில், நோவோசிபிர்ஸ்கில் தையல் கூடத்தில் வேலை செய்கிறார், ஊருக்கு எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. மதிய உணவு இடைவேளையில் கைப்பேசியை நூல்கண்டுகள் மேல் சாய்த்து வைத்து எனக்கு ஒரு வீடியோ அனுப்பினார். புரிந்துகொள்ள ஐந்து தரம் பார்க்க வேண்டியிருந்தது. நாலு வருஷம் அவர் கைகளை வெட்டி ஒட்டியவள் நான். எந்தக் கை என்ன சொல்கிறது என்று கோப்பின் தலைப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் சொன்னது இதுதான்: "நான் மறுபடி செய்றேன். முந்நூறையும் செய்றேன். ஆனா நீ வெட்டாத. வேற யாராவது வெட்டட்டும்."

தினமும் இடைவேளையில் பத்துச் சொல் அனுப்புகிறாராம். அவர் அங்கே கையை இறக்குவதற்குள் இங்கே ஜமீராவின் திரையில் வந்துவிடுகிறதாம். அந்த வசதி இல்லாவிட்டால் அவரைத் தேடி யார் அவ்வளவு தூரம் போவது? அதனால் கிளவுடை யாரும் விடவில்லை. இப்போது ஆளுக்கொரு தனிக் கணக்கு. வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் இரண்டு பெரிய வன்தட்டில் இறக்கி, ஒன்றை ஜமீரா வீட்டிலும் இன்னொன்றை வேறோர் ஊரிலும் வைக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். இதை நாம் முதல் வருஷமே செய்திருக்கலாம். அதெல்லாம் பழைய காலத்து வேலை என்று சிரித்து மறுத்தவள் யார் என்று உங்களுக்கு நினைவிருக்கும். கேமரா அட்டையைக்கூடத் துடைத்துத் துடைத்து மறுபடி பயன்படுத்த வைத்தேன்.

நான் கற்றுக்கொள்கிறேன். பக்கத்துத் தெருவில் ஒரு காது கேளாத தம்பதி ரொட்டிக் கடை வைத்திருக்கிறார்கள். காலையில் அவர்களுக்கு மாவு சுமந்து கொடுக்கிறேன், அவர்கள் எனக்குச் சொல்லித்தருகிறார்கள். எனக்கு எந்தெந்தச் சொற்கள் வேண்டும் என்று எழுதிக் காட்டினேன். "அழித்தேன். தெரியும். சொல்லவில்லை. பொய்." அந்த அம்மாள் படித்துவிட்டுத் தன் கணவரைப் பார்த்தார். பிறகு எனக்குச் சூடாக ஒரு ரொட்டி கொடுத்தார், ஏனென்று கேட்கவில்லை.

ஜூன் இருபத்துநான்காம் தேதி பாக்கித் அண்ணன் வண்டியில் வருகிறேன். கதவைத் திறக்காவிட்டால் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

மீரிம்


நரீன்,
ஜூலை 2

மீரிம்,

நீ போன பிறகு நடந்ததை எழுத வேண்டும். ஒரு வாரமாக ஒத்திப்போட்டேன்.

அன்று நீ கையால் சொல்லத் திணறியதை நான் அடுப்பருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உதவிக்கு வரவில்லை. "பொய்" என்று சொல்லப்போய் நீ வேறு என்னத்தையோ சொன்னாய். நீ பால் வாங்கினாய் என்பது போலத்தான் எனக்கே தெரிந்தது. குந்தூஸ் சிரிக்கவில்லை. எழுந்து வந்து உன் விரலைப் பிடித்து, ஒவ்வொன்றாக மடக்கி, சரியான இடத்தில் வைத்தாள். "இப்படி. இன்னொரு முறை" என்றாள். நீ சொன்னாய். "இன்னொரு முறை" என்றாள். மூன்றாவது முறை உனக்குத் தப்பில்லாமல் வந்தது. அவள் தலையசைத்துவிட்டு வெளியே ஓடிப்போனாள். நீ என் தரையில் உட்கார்ந்து அழுதாய். நான் உனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. மனம் வரவில்லை. சாயங்கால வண்டிக்கு நீ புறப்பட்டபோது ஒரு பை குருத் தயிருண்டை கிடைத்தது. அதுவும் குந்தூஸ் எடுத்துக் கொடுத்ததுதான், நான் இல்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பழி போயிற்று, பழி போட்டவள் வந்து ஒப்புக்கொண்டாள், பிள்ளைக்கும் மனம் ஆறியிருக்கும்.

மறுநாள் காலை ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். குந்தூஸ் மேசையைத் தட்டிக் கூப்பிட்டாள். "மீரிம் வந்து சொல்லிட்டா" என்றாள்.

"ஆமா" என்றேன்.

"நீ எப்ப சொல்லப்போற?"

என்ன என்று கேட்டேன். புரியாத மாதிரி கேட்டேன், மீரிம். புரிந்தது. அவள் தன் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தாள், உள்ளங்கை கீழே பார்க்க.

உன்னை முந்நூறு கிலோமீட்டர் வரவழைத்தேன். கையால் சொல், நேரில் சொல், கற்றுக்கொண்டு வா என்று அதட்டினேன். எனக்கோ பன்னிரண்டு வருஷமாகத் தெரிந்த மொழி, மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளை. "அழித்தது நீ இல்லை, மீரிம்" என்று உன் குற்றத்தைச் சொன்னேன், போர்சோக் பொரித்தேன். என் குற்றத்தை ஒரு சொல்லாவது சொன்னேனா? மனதுக்குள் ஆயிரம் தரம் மன்னிப்புக் கேட்டேன். அது அவளுக்கு எப்படிக் கேட்கும்?

கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன். வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போது ஒருநாளும் எனக்குக் கை கனத்ததில்லை. அன்று தூக்க முடியவில்லை. "நீ சொன்னது உண்மை. நான் நம்பல. உன் கையில அடிச்சேன். தப்பு என்னோடது" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு முறை" என்றாள்.

சொன்னேன்.

அஸில்கான் எஜே